பிரெஸ்காட் பழைய கார் பந்தயம்: 'வி.ஐ.பி. பேக்கேஜ்' வாங்காதீர்கள்

இங்கிலாந்தில் இருப்பவர்களுக்கு, முக்கியமாக ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவை எங்காவது கூட்டிப்போக நினைப்பவர்களுக்கு இது. பணம் கட்டும் முன் படித்துவிடுங்கள்.

செல்டனம் பக்கத்தில் பிரெஸ்காட் என்றொரு இடம். புகாட்டி கார் வைத்திருப்பவர்களின் சங்கத்துக்குச் சொந்தமானது. 1938-லிருந்து அந்த மேட்டில் கார்கள் ஏறுகின்றன. ஒரு கிலோமீட்டர் சொச்சம்தான் பாதை. ஒவ்வொரு காராகக் கிளம்பும், கடிகாரத்தோடுதான் போட்டி. ஆகஸ்டில் விண்டேஜ் ஸ்போர்ட்ஸ் கார் கிளப் நடத்தும்போது 1920, 30-களின் வண்டிகள் வரிசைகட்டும். அப்பா கோயம்புத்தூரில் காலமெல்லாம் லேத் பட்டறை நடத்தியவர். அவருக்காகத்தான் போனோம்.

லண்டனிலிருந்து கோச், மதியச் சாப்பாடு, ஒதுக்கப்பட்ட இருக்கை, கார்கள் நிற்கும் பேடாக்குக்குள் போக சிறப்பு அனுமதி என்று ஒரு டூர் கம்பெனி 'வி.ஐ.பி. பேக்கேஜ்' ஒன்றை விளம்பரம் செய்திருந்தது. ஆளுக்கு 95 பவுண்டு. 'முழுநாள்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள்.

கோச் தாமதமாகத்தான் வந்தது. வழியில் யாரும் கேட்காமலேயே கடைவீதி உள்ள ஒரு கிராமத்தில் நிறுத்தி, ஷாப்பிங் முடித்து வாருங்கள் என்றார்கள். பிரெஸ்காட் போய்ச் சேரும்போது காலை ஓட்டமெல்லாம் முடிந்து மதிய இடைவேளை. "எல்லாம் முடிஞ்சு போச்சா சாமி?" என்று அப்பா கேட்டபோது எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

சிறப்பு அனுமதி என்று கழுத்தில் ஒரு மஞ்சள் அட்டையை மாட்டிவிட்டார்கள். வாசலில் நின்ற பெரியவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் வேண்டாமே, டிக்கெட் எடுத்த எல்லாருமே பேடாக்குக்குள் போகலாம்" என்றார். ஒதுக்கப்பட்ட இருக்கை, புல்மேட்டில் ரிப்பன் கட்டிய ஒரு துண்டு இடம். நாற்காலிகூட இல்லை. முழங்கால் வலியோடு அப்பா நின்றுகொண்டே பார்த்தார். சைவம் என்று முன்பே எழுதிக் கொடுத்திருந்தும் சாப்பாட்டுப் பொட்டலத்தில் பன்றிக்கறி சாண்ட்விச். அவர் பிஸ்கட்டோடு முடித்துக்கொண்டார்.

பந்தயத்தின் மேல் எந்தக் குறையும் இல்லை. கிளம்பும் கோட்டில் கார் பின்னால் உருளாமல் இருக்க, நீளக் கம்பு பொருத்திய மரக்கட்டையைப் பின்சக்கரத்துக்கு அண்டைக் கொடுக்கிறார்கள். வண்டி பாய்ந்ததும் கட்டையை இழுத்துக்கொள்கிறார்கள். சில வண்டிகளுக்குப் பிடிப்புக்காகப் பின்னால் இரட்டைச் சக்கரம். ஜி.என். என்ற பழைய வண்டியில் பின்சக்கரத்துக்குச் செயின்தான் விசை கொண்டுபோகிறது. அதன் பக்கத்தில் அப்பா குனிந்து பார்த்துவிட்டு, "வெளக்கெண்ணெ வாசம் வருது சாமி" என்றார். நான் நம்பவில்லை. வண்டிக்காரரைக் கேட்டால், ஆமாம், எஞ்சினுக்கு ஊற்றுவது ஆமணக்கெண்ணெய் கலந்த ஆயில் என்றார். அப்பாவுக்கு ஸ்பேனரைக் கையில் கொடுத்து பானட்டையும் திறந்து காட்டினார். அந்த அரைமணி நேரம்தான் எங்களுக்கு மிச்சம். கடைசி ஓட்டங்கள் பாக்கி இருக்கும்போதே, டிரைவருக்கு நேரமாகிவிட்டது என்று எல்லாரையும் கோச்சில் ஏற்றிவிட்டார்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, "இடத்துக்குக் கொண்டுபோய்விட்டோம், உள்ளேயும் போனீர்கள்" என்று இரண்டு வரி பதில்.

சட்டத்தில் இரண்டு ஓட்டைகளைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். இரவு தங்கல் இல்லாத, 24 மணி நேரத்துக்குக் குறைந்த பயணத்துக்கு இங்கே பேக்கேஜ் டூர் பாதுகாப்பு விதிகள் பொருந்தாது. அவர்கள் பெயரில் 'பேக்கேஜ்' என்று போட்டுக்கொண்டாலும்தான். கிரெடிட் கார்டில் கட்டிய பணத்தைக் கார்டு கம்பெனியிடமே கேட்க வழிசெய்யும் நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-வது பிரிவு, ஒரு பொருளின் விலை 100 பவுண்டைத் தாண்டினால்தான் உதவும். ஆளுக்கு 95 என்று விலை வைத்தால், நான்கு டிக்கெட் சேர்த்து எடுத்தாலும் அதில் சிக்கல்தான். மிச்சம் இருப்பது வங்கி வழியாகச் சார்ஜ்பேக், அதாவது கார்டில் கட்டிய பணத்தைத் திருப்பி எடுத்துத் தரச் சொல்லிக் கேட்பது. அதற்கும் பெரும்பாலும் 120 நாள் கெடு. சொன்னபடி சேவை தராவிட்டால் விலையைக் குறைக்கச் சொல்லிக் கேட்க 2015 நுகர்வோர் உரிமைச் சட்டத்தில் இடம் உண்டு. கடிதத்தில் அதைக் குறிப்பிடுங்கள். விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். எங்கள் புகாருக்குப் பிறகு 'முழுநாள்' என்ற வார்த்தையை அவர்கள் தூக்கிவிட்டார்கள்.

போக நினைப்பவர்கள் கிளப்பிடமே நேரடியாக டிக்கெட் எடுங்கள். செல்டனம் ஸ்பா வரை ரயில், அங்கிருந்து டாக்சி. மடக்கு நாற்காலியும் கட்டுச்சோறும் கையோடு கொண்டுபோங்கள். காலையிலேயே போய்விட்டால் பேடாக்கில் வண்டிக்காரர்களோடு நிதானமாகப் பேசலாம்.