‘நம்ம டாக்டரா’, அந்தத் துறை டாக்டரா?

கடலூரில் பல வீடுகளுக்கு ‘நம்ம டாக்டர்’ என்று ஒருவர் உண்டு. படிப்பைப் பார்த்தால் எலும்பு டாக்டராக இருப்பார். முட்டிவலிக்குப் போன இடத்தில் அப்பாவின் சர்க்கரை மாத்திரைச் சீட்டையும் நீட்டி, "இதையும் பாத்துடுங்க சார்" என்போம். அவரும் எழுதிக் கொடுப்பார். இது போதுமா, இல்லை புதுச்சேரி கோரிமேட்டிலுள்ள பெரிய ஆஸ்பத்திரியான ஜிப்மருக்குப் பஸ் ஏற வேண்டுமா?

சட்டப்படி அவர் எழுதலாம். எம்.பி.பி.எஸ். முடித்துப் பதிவு செய்தவருக்கு உள்ள உரிமை, மேற்படிப்பு படித்ததால் சுருங்கிவிடாது. 1996இல் பூனம் வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தவறு என்றது, ஹோமியோபதி படித்தவர் அலோபதி மருந்து கொடுத்ததை. அது வேறு கதை. ஆனால் 2005 ஜேக்கப் மேத்யூ தீர்ப்பு நம்ம டாக்டருக்கும் பொருந்தும்: இருப்பதாகக் காட்டிக்கொள்ளும் திறமை இல்லாவிட்டாலும், இருந்தும் ஒழுங்காகப் பயன்படுத்தாவிட்டாலும் அது கவனக்குறைவுதான்.

அவசரம் என்றால் இந்தக் கேள்வியே எழாது. கண் டாக்டர் முன்னால் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தால், அவர்தான் முதலுதவி செய்து அனுப்ப வேண்டும். உயிர் காப்பது எந்த மருத்துவருக்கும் கடமை என்று 1989லேயே பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியாகிவிட்டது.

சிக்கல் வருஷக்கணக்கில் ஓடும் நோய்களில். முட்டிக்குப் போடும் ஸ்டீராய்டு ஊசி சில நாளைக்குச் சர்க்கரையை ஏற்றிவிடும். டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரை, சர்க்கரையால் ஏற்கெனவே தளர்ந்த சிறுநீரகத்தை இன்னும் கெடுக்கும். இரண்டையும் ஒரே ஆள் பார்த்தால் இந்த மோதல் கண்ணில் படும் என்பது நம்ம டாக்டர் பக்கம் உள்ள நல்ல வாதம். நானும் ஒப்புக்கொள்வேன், அவர் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினும் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையும் பார்க்கச் சொல்பவராக இருந்தால். பழைய சீட்டைப் பார்த்து "இதையே சாப்பிடுங்க" என்பவராக இருந்தால், அது வைத்தியம் இல்லை, நகலெடுப்பு.

ஜிப்மரில் விடிகாலை வரிசை, ஒவ்வொரு முறையும் வேறொரு இளம் டாக்டர். பிடிபடாத நோய்க்கு அந்த அலைச்சல் தகும். மாத்திரையைத் தொடர்வதற்குத் தேவையில்லை. நடுவே மூன்றாவது வழி இருக்கிறதே: மஞ்சக்குப்பத்தில் அரசுத் தலைமை மருத்துவமனையின் பொது மருத்துவர். சர்க்கரைக்கு என் ஓட்டு அவருக்குத்தான். சீட்டு ஒருமுறை சரியாக அமைந்துவிட்டால், 2021இல் வந்த ‘மக்களைத் தேடி மருத்துவம்’ மூலம் மாத்திரை வீட்டுக்கே வரும். அது தமிழ்நாட்டுத் திட்டம் என்பதால் புதுச்சேரிக்காரர்களுக்குக் கிடையாது.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்குச் சமரசமே இல்லை. பிரசவம் பார்த்த டாக்டரம்மாவிடமே குழந்தையின் காய்ச்சலுக்கும் மருந்து கேட்கிறோம். குழந்தைக்கு மருந்தளவு எடையைப் பொறுத்தது. அதிலும் மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் என்றால், ராத்திரியானாலும் குழந்தை மருத்துவர் இருக்கிற ஆஸ்பத்திரிக்கே தூக்கிக்கொண்டு போய்விடுங்கள்.