உச்சி வெயிலில் டென்னிஸ்: கேனன் ஆர்எஃப் 100-400 எந்த அளவுக்குக் கை கொடுக்கும்?

400 மிமீ முனையில் எஃப் 8, அதாவது உள்ளே வரும் வெளிச்சம் குறைவு, என்று பார்த்ததுமே பலர் இந்த லென்ஸை ஒதுக்கிவிடுகிறார்கள். விடியற்காலையில் பறவை எடுப்பவர் ஒதுக்கினால் நியாயம். கப்பன் பார்க்கில் உள்ள கர்நாடக மாநில லான் டென்னிஸ் சங்கத்தின் (கேஎஸ்எல்டிஏ) கோர்ட்டில் பகல் ஆட்டம் எடுப்பவருக்கும், பிள்ளையை டென்னிஸ் கோச்சிங்குக்கு அழைத்துப் போகும் பெங்களூர் அப்பா அம்மாவுக்கும் அந்தக் கவலையே வேண்டாம்.

கணக்கைப் பாருங்கள். நேர் வெயிலுக்கு எஃப் 16, ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 100, ஷட்டர் 1/100 நொடி என்பது பழைய வாய்ப்பாடு. அதையே எஃப் 8க்கு மாற்றி ஐஎஸ்ஓ 500 வைத்தால் 1/2000 கிடைத்துவிடும். ஆட்டக்காரரின் உடலை உறைய வைக்க அது போதும், பந்துக்குப் போதாது. மணிக்கு 150 கிமீ வேகத்தில் வரும் பந்து 1/2000 நொடிக்குள் 2 செமீ நகர்ந்துவிடும். பந்தின் விட்டமே 6.5 செமீதான் என்பதால் ஓரம் இழுபட்டுத் தெரியும். சர்வ் எடுக்கும்போது 1/4000, ஐஎஸ்ஓ 1000 என்று ஏற்றிக்கொள்ளுங்கள். கேனன் ஆர்7 கேமராவில் ஐஎஸ்ஓ 1000 ஒரு பிரச்சினையே இல்லை.

ஆர்7 என்றதும் ஒரு எச்சரிக்கை. எலக்ட்ரானிக் ஷட்டரில் நொடிக்கு 30 படம் கிடைக்கிறதே என்று ஆசைப்படாதீர்கள். டென்னிஸ் மட்டையான ராக்கெட் வளைந்தும் பந்து முட்டை வடிவிலும் பதிவாகும். மெக்கானிக்கலில் 15 படம் போதும். அதிலும் இரண்டு படங்களுக்கு நடுவே 67 மில்லிநொடி இடைவெளி உண்டு. பந்து ராக்கெட்டில் தங்குவதோ ஏறக்குறைய 5 மில்லிநொடி. விரலை அழுத்திப் பிடித்துக்கொண்டால் மட்டும் அந்தக் கணம் சிக்காது. ராக்கெட் முன்னோக்கிச் சுழலத் தொடங்கும்போதே அழுத்திப் பழக வேண்டும். ராக்கெட் முகத்தை மறைக்கும்போது ஃபோகஸ் தாவாமல் இருக்க ஓடும் ஆளைத் தொடரும் சர்வோ ஃபோகஸில் கேஸ் 2 என்ற அமைப்பை வையுங்கள். லென்ஸின் ஃபோகஸ் மோட்டாரான நானோ யுஎஸ்எம் வேகமானது, பேஸ்லைனிலிருந்து வலைக்கு ஓடி வருபவரை விடாமல் தொடர்கிறது.

வெயிலில் உண்மையான தலைவலி எக்ஸ்போஷர். கோர்ட்டுக்குப் பின்னாலிருக்கும் கரும்பச்சைத் திரையைப் பார்த்து மீட்டர் ஏமாந்துபோகும், வெள்ளைச் சட்டை வெளுத்து விவரமே இல்லாமல் போய்விடும். ஆட்டோ ஐஎஸ்ஓவை அணைத்துவிட்டு முழு மேனுவலுக்குப் போங்கள். வெளுத்த இடத்தை மினுக்கிக் காட்டும் ஹைலைட் அலர்ட்டைப் போட்டு, சட்டை மினுங்குவது நிற்கும் வரை எக்ஸ்போஷரை மூன்றில் ஒரு ஸ்டாப்பாக (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது) குறைத்துக்கொண்டே வாருங்கள். பதப்படுத்தாத ரா ஃபைலில் முக நிழலைப் பிறகு தூக்கிக்கொள்ளலாம். வெளுத்த சட்டையை மீட்க வழி கிடையாது.

கோர்ட்டுகள் பெரும்பாலும் வடக்கு தெற்காக இருக்கும். காலையில் கிழக்குப் பக்கம், மாலையில் மேற்குப் பக்கம் உட்கார்ந்தால் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் வரும். ஏப்ரல் கடைசியில் பெங்களூரில் பன்னிரண்டே கால் வாக்கில் சூரியன் தலைக்கு நேர் மேலே நிற்கும். தொப்பி போட்டவரின் கண் கருங்குழிதான். அந்த நேரத்தில் ஃபோர்ஹேண்டை விட்டுவிட்டு சர்வுக்குக் காத்திருங்கள்: டாஸ் போட்டு பந்தை அண்ணாந்து பார்க்கும் அரை நொடியில் முகம் முழுக்க வெளிச்சம் விழும். எதிர்முனைப் பேஸ்லைனை எடுத்தால் படம் மழுங்கலாக வருவதற்கு லென்ஸ் காரணமல்ல, சூடான தரையிலிருந்து எழும் கானல்தான். உங்கள் பக்கம் ஆடுபவரை எடுங்கள், கொஞ்சம் உயரமான படியிலிருந்து.

பின்னணி மங்கல் விஷயத்தில் எஃப் 2.8 அளவுக்கு வராது என்பது உண்மை. ஆனால் மங்கலைத் தீர்மானிக்கும் லென்ஸ் துவாரத்தின் விட்டம் 200 மிமீ எஃப் 2.8ல் 71 மிமீ, இங்கே 400 மிமீ எஃப் 8ல் 50 மிமீ. விலை வித்தியாசம் அளவுக்குப் படத்தில் வித்தியாசம் இல்லை. திரையில் உள்ள விளம்பர எழுத்து இரண்டிலும் படிக்கக்கூடியதாகவே இருக்கும்.

635 கிராம்தான் எடை, முழு மேட்சையும் கையிலேயே எடுக்கலாம். தூசி, மழைக் காப்பு கிடையாது. லென்ஸ் முன்னால் மாட்டும் ஹூட் பெட்டியில் வராது, இது எனக்கு நிஜமாகவே எரிச்சல். பயிற்சிக் கோர்ட்டில் கம்பி வலை வழியாக எடுக்க ஹூட் அவசியம். அதை வலையோடு ஒட்டி வையுங்கள். வெயில் படும் கம்பி படம் முழுக்க வெள்ளைப் புகைபோல் பரவும், நிழலில் உள்ள கம்பி மறைந்துபோகும்.

ஐந்தரைக்குப் பிறகு இந்த லென்ஸைப் பையில் வைத்துவிடலாம். ஃப்ளட்லைட்டில் 1/1000 கேட்டால் ஐஎஸ்ஓ பத்தாயிரத்தை எளிதில் தாண்டும். இரவு ஆட்டம் எப்போதாவதுதான் என்றால் எஃப் 2.8 லென்ஸை அன்றைக்கு மட்டும் வாடகைக்கு எடுங்கள்.