துருப்பிடிச்ச பிரேக் லைன் மொத்தத்தையும் மாத்தி நாலு வருஷம் ஆச்சு, இப்ப எப்படி இருக்கு

20 வருஷம் தாண்டின வண்டி நம்மளுது. ஒரு நாள் சிக்னல்ல நிறுத்தலாம்னு பிரேக்கை மிதிச்சா பெடல் பாதிக்கு மேல உள்ள போயிடுச்சு, சிவப்பு லைட்டு வேற எரியுது, வண்டி நின்னுச்சு ஆனா நான் நினைச்ச இடத்துல நிக்கல. பிரேக் ஆயில் போற பைப்பை (அதைத் தான் லைன்ங்கறது) தனித்தனியா ரெண்டு சர்க்யூட்டா பிரிச்சு வச்ச சிஸ்டம்ங்கறதால பின்னாடி லைன் வெடிச்சும் முன்பக்க பிரேக் பிடிச்சுது, அது இல்லன்னா என்ன ஆயிருக்கும்னு இன்னைக்கு நினைச்சாலும் வயித்தைக் கலக்குது.

அடில படுத்துப் பாத்தப்போ தான் விஷயம் புரிஞ்சுது. பைப்பு நடுவுல எல்லாம் ஓரளவு நல்லா தான் இருக்கு, கிளிப் பிடிக்கிற இடத்துல மட்டும் பெயிண்ட் உப்பிக்கிட்டு நிக்குது, நகத்தால சுரண்டினா அப்பளம் மாதிரி செதில் செதிலா வருது. கிளிப்புக்குள்ள சேறு போய் உக்காந்துக்கும், அந்த ஈரம் காயவே காயாது, அங்க தான் துரு ஆரம்பிக்கும். ஓட்டை விழுந்த இடம் பெட்ரோல் டேங்குக்கு மேல, கண்ணுக்கே தெரியாத மூலை. பக்கத்துல கருப்பா ஈரப் புழுதி ஒட்டியிருந்துச்சு, அது ரொம்ப நாளாவே கசிஞ்சிருக்குன்னு அர்த்தம். இந்த பைப்போட வெளி விட்டம் 4.75 மில்லிமீட்டர், சுவரோட கனம் ஒரு மில்லிமீட்டர் கூட கிடையாது, பலமா மிதிச்சா உள்ள 100 பார் பிரஷர் தாண்டும். டயர்ல இருக்கறது ரெண்டு சொச்சம் பார் தான், அதோட ஒப்பிட்டுப் பாருங்க.

முதல்ல நான் பண்ணது ஒட்டு வேலை. பட்டறையில ஓட்டையான துண்டை மட்டும் வெட்டிட்டு புதுசா ஒரு துண்டு போட்டு குடுத்தாங்க, நானும் சரின்னு ஓட்டிட்டு வந்துட்டேன். ஏழே மாசம், அந்த ஒட்டுல இருந்து ரெண்டு அடி தள்ளி அடுத்த கசிவு. ஒரே பைப்பு, ஒரே வயசு, ஒரே தண்ணில நனைஞ்சது, ஒரு இடம் போச்சுன்னா மத்த இடமும் வரிசைல நிக்குதுன்னு தானே அர்த்தம்? இதைக் கொஞ்சம் கோவமாவே சொல்றேன், பிரேக் லைன்ல ஒட்டு போடாதீங்க. அதுவும் தண்ணிக் குழாய்க்குப் போடற மாதிரி, நட்டை இறுக்கி பைப்பைக் கவ்விப் பிடிக்கற கம்ப்ரெஷன் ஜாயிண்ட் போட்டுத் தர்றேன்னு யாராவது சொன்னா வண்டியை எடுத்துட்டு வந்துடுங்க, அந்த பிரஷருக்கு அது தாங்காது.

ரெண்டாவது தடவை, பெடலை மிதிச்சா ஆயிலை லைனுக்குள்ள தள்ளற மாஸ்டர் சிலிண்டர்ல இருந்து நாலு வீலுக்கும் மொத்தமா மாத்திட்டேன். பழையபடி ஸ்டீல் போடலாமா, காப்பர் நிக்கல் போடலாமான்னு ஒரு வாரம் யோசிச்சு காப்பர் நிக்கல் எடுத்தேன். இதுல கிட்டத்தட்ட 90 சதவீதம் செம்பு, 10 சதவீதம் நிக்கல், ஸ்டீல் மாதிரி செந்துரு பிடிக்காது, வோல்வோ 1976லயே இதைத் தன் கார்கள்ல போட ஆரம்பிச்சுட்டாங்க. கையாலயே வளைக்கலாம், பழைய பைப்பைப் பக்கத்துல வச்சு அதே வளைவுக்கு அழகா கொண்டு வந்துடலாம். வெறும் செம்பு பைப்பு வேற, இது வேற, குழப்பிக்காதீங்க, வெறும் செம்பு அதிர்வுல நாளாக ஆக இறுகி விரிசல் விடும்.

கழட்டுறது தான் உண்மையான போராட்டம். நட்டு துருப்பிடிச்சு பைப்போட ஒட்டிக்கிட்டு, ஸ்பேனர் போட்டா நட்டோட சேர்ந்து பைப்பும் முறுக்கிக்கிட்டு சுத்துது. சாதா ஸ்பேனர் ரெண்டு முனையை மட்டும் தான் பிடிக்கும், நட்டு மழுங்கிடும், இதுக்குன்னே ஒரு பக்கம் வெட்டு விட்ட ஃபிளேர் நட் ஸ்பேனர் இருக்கு, அதைத் தான் போடணும். எப்படியும் பழைய பைப்பு தூக்கிப் போடறது தானே, நட்டுக்குப் பக்கத்துலயே வெட்டிட்டு ஆறு பட்டை சாக்கெட் போட்டா பாதி சண்டை முடிஞ்சுடும். வீல்ல பிரேக்கைத் தள்ளற வீல் சிலிண்டர் பக்கம் மட்டும் முந்தின நாள் ராத்திரியே துரு இளக்கற ஆயில் அடிச்சு ஊற விட்டேன்.

அப்புறம் ஃபிளேர். பைப்பு நுனியை விரிச்சு மடக்கறதுக்குப் பேரு தான் அது, அதுல ரெண்டு வகை இருக்கு, டபுள் ஃபிளேர், பப்பிள் ஃபிளேர். பாக்க நெருங்கின மாதிரி தான் தெரியும், ஒண்ணுக்குப் பதிலா இன்னொண்ணு போட்டா எவ்வளவு இறுக்கினாலும் கசியும், அதனால பழைய நுனியைப் பாத்து அதே மாதிரி தான் போடணும். நான் டார்ச் அடிச்சு ஒவ்வொரு நுனியா பாத்தேன், கூம்பு நடுவுல இல்லாம ஒரு பக்கம் சாஞ்சிருந்தா வெட்டிப் போட்டுட்டு மறுபடி, அப்படி ஆறு நுனி வெட்டினேன். ஃபிளேர் அடிக்கறதுக்கு முன்னாடி நட்டை உள்ள கோத்துடுங்க.

ஏர் எடுக்கறதுக்கு, அதாவது லைனுக்குள்ள மாட்டின காத்தை வெளியேத்தறதுக்கு, பெரியவனை உள்ள உக்கார வச்சேன். "மிதி"ன்னா "மிதிச்சுட்டேன்பா"ங்கணும், நான் வீல் பக்கம் காத்தை வெளிய விடற நிப்பிளை திறந்து மூடி "விடு"ன்னு சொல்ற வரைக்கும் காலை எடுக்கக் கூடாது, எடுத்தா காத்து திரும்ப உள்ள போயிடும். பெடலுக்கு அடியில ஒரு மரக்கட்டை வச்சிருந்தேன். பழைய மாஸ்டர் சிலிண்டர்ல ரப்பர் சீல் வழக்கமா போகாத ஆழத்துல உள்சுவர் சொரசொரன்னு இருக்கும், பெடலை முழுசா அடி வரைக்கும் மிதிச்சா சீல் அங்க போய் கிழிஞ்சுடும், லைன் மாத்தப் போய் மாஸ்டர் சிலிண்டரும் சேர்ந்து போகும். மாஸ்டர் சிலிண்டர் மேல இருக்கற பாட்டில்ல பிரேக் ஆயில் காலியாகாம பாத்துக்கறது, பெயிண்ட் மேல சிந்தினா உடனே தண்ணி ஊத்திக் கழுவறது, இதெல்லாம் தெரிஞ்சது தான். ஏபிஎஸ் (வீல் பூட்டிக்காம பாத்துக்கற அமைப்பு) இருக்கற வண்டின்னா சிலதுக்கு கம்ப்யூட்டர் ஸ்கேனர் வச்சு தான் முழுசா ஏர் எடுக்க முடியும், நம்மளுதுல ஏபிஎஸ் இல்ல. கடைசியா பெடலை பலமா ஒரு நிமிஷம் மிதிச்சுப் பிடிக்கச் சொல்லிட்டு, காஞ்ச டிஷ்யூ பேப்பரை ஒவ்வொரு ஜாயிண்டுலயும் சுத்திப் பாத்தேன், எங்கயும் ஈரம் இல்ல.

இப்ப நாலு வருஷத்துக்கு வருவோம். பைப்பு பளபளப்பு போய் மங்கின பழுப்பு நிறத்துக்கு வந்துடுச்சு, அவ்வளவு தான், துரு, உப்பல் எதுவும் இல்ல, பெடல் முதல் நாள் இருந்த மாதிரியே கல்லு மாதிரி நிக்குது. ஆனா நட்டு ஸ்டீல் தானே, அதோட பின்பக்கம் தண்ணி தங்கற இடத்துல ரெண்டாவது வருஷமே லேசா சிவக்க ஆரம்பிச்சுது, சுரண்டிட்டு கிரீஸ் தடவினேன், இப்ப வருஷா வருஷம் தடவறேன். பெரிய குறை இந்த பைப்போட மென்மை. பின் ஆக்ஸில் பக்கம் ஒரு கிளிப் கழண்டு விழுந்திருக்கு, நான் கவனிக்கல, மூணாவது வருஷம் பாத்தா பைப்பு பக்கத்துத் தகட்டுல உரசி உரசி ஒரு அரிசி நீளத்துக்கு புதுச் செம்பு மாதிரி மினுங்குது. இன்னும் சில மாசம் விட்டிருந்தா அங்கயே ஓட்டை. அந்த லைனை முழு நீளத்துக்கும் புதுசா போட்டு, அந்த இடத்துல ரப்பர் உறையும் கூட ஒரு கிளிப்பும் குடுத்தேன். காப்பர் நிக்கல் போடறவங்க கிளிப்புல மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதீங்க, கம்பெனி எத்தனை இடத்துல பிடிச்சிருந்தானோ அத்தனை இடத்துலயும் பிடிச்சுடுங்க.

பிரேக் ஆயில் டாட் 4ங்கற தரம் தான் ஊத்தறேன், ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தறேன். புதுசா இருக்கும்போது குறைஞ்சது 230 டிகிரி வரைக்கும் கொதிக்காம தாங்கற ஆயில், காத்துல இருக்கற ஈரத்தை இழுத்து இழுத்து 155 வரைக்கும் கூட இறங்கிடும், அந்த ஈரம் பைப்பை உள்பக்கமிருந்தும் அரிக்கும். இந்த மாசம் மறுபடி மாத்தணும். முன்பக்க ரப்பர் ஹோஸ் அப்பவே மாத்தியாச்சு, பின்னாடி இருக்கறதுல விரல் வச்சு வளைச்சா நுணுக்கமா வெடிப்பு தெரியுது, அதையும் வாங்கி வச்சிருக்கேன், ஆயிலோட சேர்த்து மாத்திடுவேன்.