கொடைக்கானலில் வீட்டை நாள் வாடகைக்கு விடுபவர்களே, "லைசென்ஸ் பேக்கேஜ்" என்று வருபவனிடம் உஷார்!

முதலில் தொகையைச் சொல்லிவிடுகிறேன்: 42,500 ரூபாய். மொத்தமும் போய்விட்டது என்று போன வெள்ளிக்கிழமைதான் தெரிந்தது. வார்த்தை கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாமனார் கட்டிய வீடு ஒன்று நாயுடுபுரத்தில் இருக்கிறது. மூன்று அறை. நாங்கள் மதுரையில். பூட்டியே கிடந்தால் சுவரெல்லாம் பூசணம் பிடிக்கிறதே என்று புக்கிங் ஆப் ஒன்றில் போட்டோம். சனி, ஞாயிறுக்கு ஆள் வந்தார்கள். அப்புறம்தான் பயம். பதிவு, வரி, போலீஸ் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். தெரிந்தவர் மூலம், ஹோம்ஸ்டே உரிமம் எடுத்துத் தரும் கன்சல்டன்சி ஒன்றைப் பிடித்தோம்.

வந்தவன் சின்னப் பையன். செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு வந்தான். மாமியார் கொடுத்த காபியைக் குடித்துவிட்டு டம்ளரைத் தானே அடுக்களையில் கொண்டுபோய் வைத்தான். நான் விழுந்தது அந்த டம்ளரில்தான். "அக்கா, டூரிசம், ஜிஎஸ்டி, கரண்டு, போலீஸ் எல்லாம் ஒரே பேக்கேஜ். நீங்க எந்த ஆபீஸ் படியும் ஏற வேண்டாம்" என்றான். உட்கார்ந்த இடத்திலேயே 42,500 அனுப்பினேன். ரசீது கேட்க வாய் வரவில்லை.

ஆறு வாரத்தில் லேமினேட் செய்த கலர் சான்றிதழ் வந்தது. மூலையில் க்யூஆர் கோடு வேறு. நாலு மாதம் கழித்துத்தான் அதை ஸ்கேன் செய்து பார்க்கத் தோன்றியது. சுற்றுலாத் துறையின் முகப்புப் பக்கம் திறந்தது, அவ்வளவுதான். அலுவலகத்தில் கொண்டுபோய்க் காட்டினேன். "இது எங்க நம்பர் இல்லையே" என்ற அந்த அம்மா அடுத்துக் கேட்டதுதான் செருப்படி: "அந்த வீட்ல நீங்க குடியிருக்கீங்களா?" மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் பெட் அண்ட் பிரேக்ஃபாஸ்ட் திட்டத்தில் உரிமையாளர் அதே வீட்டில் வசிக்க வேண்டும், அதிகபட்சம் 6 அறை, 12 படுக்கை. எங்களுக்குக் கிடைக்கவே கிடைக்காத சான்றிதழுக்கு 42,500! அவன் உட்கார்ந்து காபி குடித்ததே எங்கள் மதுரை வீட்டில்தானே?

ஜிஎஸ்டி கதை இன்னும் மோசம். கட்டாயம் என்று சொல்லி என் பெயரில் எண் வாங்கிவிட்டான். எங்கள் வருஷ வசூல் 6 லட்சத்தைத் தாண்டாது. பதிவு கட்டாயமாகும் வரம்போ 20 லட்சம். அதற்குக் கீழே, பதிவு செய்யாதவர் ஆப் வழியாக அறை விட்டால், ஜிஎஸ்டி சட்டம் 9(5) பிரிவின்படி வரி கட்ட வேண்டியது அந்த ஆப்தான். எண் வாங்கியதும் ரிட்டர்ன் போடும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. ரிட்டர்ன் நானே போடுகிறேன் என்றவன் ஒன்றுகூடப் போடவில்லை. நாள் கணக்கில் தாமதக் கட்டணம் ஏறுகிறது.

வீட்டு மின் இணைப்பை வணிகக் கட்டணத்துக்கு மாற்றியாச்சு என்றதும் பொய். மின்வாரியத்திலிருந்து வந்து பார்த்து, மின்சாரச் சட்டம் 126-ஆம் பிரிவில் இரண்டு மடங்கு கட்டணம் போட்டு நோட்டீஸ் கொடுத்திருக்கிறார்கள்.

போன் செய்தால் முதல் வாரம் "ஆபீசர் லீவுக்கா". அடுத்த வாரம் "சர்வர் டவுன்". அப்புறம், "ஓனர் மாலை போட்டிருக்கார்க்கா, அவர் கோபப்பட மாட்டார், நீங்களும் கோபப்படாதீங்க". நேரிலேயே போனேன். மேசையில் இருந்த பெண், "இந்தப் பேக்கேஜ்ல ரீஃபண்ட் கிடையாது மேடம்" என்று சுவரில் ஒட்டிய தாளைக் காட்டினாள். தாளில் பசைகூடக் காயவில்லை. அக்கா எப்போது மேடம் ஆனேனோ!

என்னென்ன செய்ய வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. சான்றிதழ் எண்ணை அலுவலகத்திலேயே கேட்டுவிடுங்கள். ஓடிபியை யாருக்கும் சொல்லாதீர்கள், நான் சொன்னேன். வெளிநாட்டுக்காரர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தை ஆன்லைனில் ஏற்ற வேண்டும், அந்த லாகின் உங்கள் கையில் இருக்கட்டும். ரசீது இல்லாமல் ஒரு ரூபாய் தராதீர்கள். 42,500 தந்தவள் சொல்கிறேன்.

மின்வாரியத்துக்கு ஆட்சேபனைக் கடிதம் எழுத வேண்டும், வைக்கிறேன். மாமியார் மட்டும் இன்னும் நம்பவில்லை. "டம்ளரைக் கொண்டுவந்து வச்சானேம்மா, அந்தப் பையனா?" என்கிறார்.