ஏற்காடு ஓடைகளில் நீரடிக் கேமரா: நீண்டநாள் பயன்பாட்டு அனுபவம்

ஏற்காட்டு ஓடைகளில் ஆக்‌ஷன் கேமராவின் படத்தை அதிகம் கெடுப்பது தண்ணீர் புகாத உறைக்குள் படியும் ஆவிதான். சேலத்து வெக்கையில் உறையை மூடிக்கொண்டு மலையேறினால், உள்ளே மாட்டிய ஈரக்காற்று குளிர்ந்த தண்ணீரில் இறங்கியதும் கண்ணாடியில் வியர்த்துவிடும். ஏசி அறையில் மூடுங்கள். ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றை உறைக்குள் கேமராவின் பக்கத்தில் செருகுங்கள். நீல மணிகள் ரோஸ் நிறமானால் மாற்ற வேண்டும். உறையின் ரப்பர் வாஷரில் ஒரு தலைமுடி சிக்கினாலும் தண்ணீர் புகும், மூடுமுன் விரலால் சுற்றித் தடவிப் பாருங்கள்.

மீன்கள் ஓட்டத்தை எதிர்த்து நிற்கும். அதனால் கேமராவைத் தண்ணீர் வரும் மேல்பக்கம் வைத்து, ஓட்டம் போகும் திசையைப் பார்க்கத் திருப்பினால் மீனின் முகம் கிடைக்கும், சருகும் லென்ஸில் ஒட்டாது. டிரைபாட் ஆடும். 2–3 கிலோ கிரானைட் துண்டில் திருகி, கயிற்றைக் கரையோர வேரில் கட்டுங்கள். அருவி விழும் இடத்தில் குமிழிதான் பதிவாகும். ஓட்டம் தணியும் மடுவே சரி. வைத்ததும் விலகிவிடுங்கள், முதல் பத்து நிமிடம் பெரும்பாலும் வெறும் தண்ணீர்தான். அதன்பிறகு அயிரை மணலில் புதைந்து கண்ணை மட்டும் வெளியே நீட்டும். கர்ரா மீன் வாய்க்குக் கீழுள்ள ஒட்டுத்தட்டால் பாறையைப் பற்றிக்கொண்டு பாசியைச் சுரண்டும். கரையிலிருந்து எத்தனை நேரம் குனிந்து பார்த்தாலும் இது தெரியாது.

வைஃபை தண்ணீருக்குள் சில சென்டிமீட்டரிலேயே அறுந்துவிடும். செல்போனில் நேரலை பார்க்க நினைக்காதீர்கள். அதற்கு ஒயர் வைத்த மீன்பிடி கேமரா வேண்டும். படத்தரம் சுமார்தான், ஆனால் மேட்டூர்ப் பக்கம் காவிரியில் பரிசலிலிருந்து இறக்க அதுவே வசதி. ஒயர் சேரும் கழுத்தில்தான் முதலில் விரிசல் விடும், எடையைத் தனிக்கயிறு தாங்கட்டும். அதன் எல்இடி லென்ஸை ஒட்டியே இருப்பதால் கலங்கலில் தூசுதான் பளிச்சிடும். அதை அணைத்துவிட்டு, டார்ச்சை இரண்டடி தள்ளிச் சாய்வாகப் பிடியுங்கள். காவிரியில் முதலை உண்டு, தண்ணீரில் இறங்க வேண்டாம். அணைக்கட்டுப் பகுதியிலும் காப்புக்காட்டு ஓடைகளிலும் முன்அனுமதி இல்லாமல் கேமராவை எடுக்காதீர்கள்.

காட்டில் விலங்குகளைத் தானே படமெடுக்கும் டிரெயில் கேமரா உடல்வெப்பத்தை உணர்ந்து இயங்குவது. மீனின் வெப்பம் தண்ணீரின் வெப்பமே என்பதால் நீருக்குள் அது உதவாது. நீர்நாய் எச்சமிடும் கரைப்பாறையை நோக்கிக் கட்டினால் நன்றாக வேலை செய்யும்.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின், ஜனவரி பிப்ரவரியில் மலையோடைகள் தெளியும். அதே மலையில் பிறக்கும் திருமணிமுத்தாறு சேலம் நகருக்குள் வரும்போது கழிவுநீர் கலந்து கேமராவுக்கு எதுவும் தெரிவதில்லை. அந்த ஆற்றுக்கு நேரக்கூடாத கதி அது.

எண்ணிக்கை எடுக்கும்போது ஒரே மீன் பலமுறை சுற்றி வரும். எனவே வந்துபோனதையெல்லாம் கூட்டாமல், ஒரே ஃபிரேமில் ஓர் இனம் அதிகபட்சம் எத்தனை தெரிந்ததோ அதை மட்டும் குறித்துவையுங்கள்.