முடிச்சூர் வீடும் 12 வருஷ இன்டீரியர் ட்ரெண்டும்: இருந்து பாத்த அனுபவம்

நிறைய பேர் வீட்ல வேலை முடிஞ்ச வாரமே போட்டோவோட ரிவ்யூ எழுதிடறாங்க, அது கல்யாணத்தன்னிக்கு சாயங்காலமே மாப்பிள்ள எப்படின்னு சொல்ற மாதிரி. நான் எழுதறது 2013ல இருந்து ஒரே வீட்ல ஒண்ணு மாத்தி ஒண்ணு செஞ்சு, செஞ்சதோட குடும்பமும் நடத்தி பாத்ததுக்கு அப்புறம்.

வீடு சென்னையில தாம்பரத்துக்கு பக்கத்துல இருக்கற முடிச்சூர் பக்கம், மாமனார் 1991ல கட்டினது. தரை பூரா மொசைக், கிச்சன்ல கடப்பா கல் ஷெல்ஃப், பத்தடி ஒசர சீலிங், ரூமுக்கு ஒரு டியூப்லைட்டு. 2012ல கல்யாணமாகி வந்தப்ப "ஐயோ தாலுகா ஆபீஸ் மாதிரி இருக்கே"ன்னு மனசுக்குள்ள நெனச்சேன், அத்தைகிட்ட இன்னிக்கு வரைக்கும் சொன்னதில்ல.

அப்ப எங்க பாத்தாலும் வெள்ள வெளேர்னு விட்ரிஃபைட் டைல்ஸ்தான், மொசைக் வச்சிருந்தா வீட்ல ஏதோ கஷ்டம் போலன்னு பாப்பாங்க. 2013ல ஐவரி கலர், ரெண்டுக்கு ரெண்டு, சதுரடி 55 ரூபான்னு எடுத்தோம். மொசைக்க உடைச்சா குப்பை அள்ளவே தனி வண்டி வேணும்னு மேஸ்திரி சொன்னதால அத லேசா கொத்தி விட்டு மேலயே பேஸ்ட் போட்டு ஒட்டியாச்சு. தரை அரை இஞ்சுக்கு மேல ஏறிடுச்சு, இத யாருமே முன்னாடி சொல்லல, எல்லா கதவும் தரையில தட்டி, ஆசாரிய வரவச்சு ஒவ்வொரு கதவா கழட்டி அடியில இழைச்சு திருப்பி மாட்ட மூணு நாள் ஆச்சு.

அத்தை ரூம் மட்டும் தப்பிச்சுது. அங்க ஒரு பழைய இரும்பு பீரோ, நாலு பேர் சேந்தும் அசையல, உள்ள இருக்கறத காலி பண்ணலாம்னா அத்தை சாவிய தரல, "அந்த ரூம விட்டுடுங்க"ன்னு சொல்லிட்டாங்க.

டைல்ஸ் கடையில சாம்பிள கையில வாங்கி பாத்துட்டு அத்தை கேட்டது ஒரே கேள்விதான், "இத யாரும்மா துடைக்கிறது?" நாங்க சிரிச்சோம். டைல்ஸ் போட்ட ரெண்டாம் வாரமே எனக்கு சிரிப்பு நின்னு போச்சு, ஏன்னா அந்த ஐவரி தரையில ஒத்த முடி விழுந்தாலும் ஹால் அந்தக் கோடியிலேந்து தெரியும், காலையில மாப் போட்டுட்டு ஆபீஸ் போயிட்டு சாயங்காலம் வந்தா ஒவ்வொருத்தர் கால் தடமும் தனித்தனியா இருக்கும், யார் எத்தன தடவ ஃப்ரிட்ஜ் பக்கம் போனாங்கன்னு கணக்கே எடுக்கலாம். ஈரமா இருந்தா வழுக்கும் வேற, 2017ல அத்தை வழுக்கி விழுந்து மணிக்கட்டு ஃப்ராக்சர், ஆறு வாரம் கட்டு. வயசானவங்க இருக்கற வீட்ல பளபளா ஃபினிஷ் எடுக்காதீங்க, மேட் எடுங்க.

மொசைக் ரூம்ல சட்னி கொட்டினாகூட எங்க கொட்டுச்சுன்னு தேடித்தான் துடைக்கணும், சாம்பல் கலர்ல கறுப்பும் வெள்ளையுமா மார்பிள் சில்லு, அழுக்குக்கு அங்க தனி அடையாளமே கெடையாது. 2020 லாக்டவுன்ல நான் லேப்டாப்போட உக்காந்தது அங்கதான், பசங்க படம் வரைஞ்சு இங்க் கொட்டினதும் அங்கதான். 2022ல பாலிஷ் மெஷின் வரவச்சு ஒரு நாள் பூரா தண்ணி விட்டு உரச வச்சோம், ரூமெல்லாம் சாம்பல் சேறு, கடைசியில ஆக்சாலிக் பவுடர் போட்டு தேச்சாங்க, காஞ்சதும் ட்யூப்லைட்டு தரையில தெரியுது. பீரோவ அப்பவும் நகத்தல, அதனால பீரோ அடியில மட்டும் இன்னும் 1991தான்.

போன வருஷம் நாத்தனார் பொண்ணு புது ஃப்ளாட்டுக்கு டெரஸோ டிசைன் டைல்ஸ் எடுத்திருக்கேன்னு போட்டோ அனுப்பினா, இப்ப இதுதான் மாமி ட்ரெண்டுன்னு. அப்படியே எங்க மொசைக். நான் ஹாலுக்கு அடியில பொதைச்சு வச்சிருக்கறத அவ சதுரடி நூறு சொச்சம் குடுத்து வாங்கியிருக்கா.

அடுத்து கிச்சன், இதுலதான் வயித்தெரிச்சல். 2014ல சிவப்பு கலர்ல பளபளா ஃபினிஷ் மாடுலர் கிச்சன், 1.6 லட்சம், உள்ள என்ன போர்டுன்னு கேக்கணும்னே தோணல. பார்ட்டிகிள் போர்டு, அதாவது மரத்தூளும் சில்லும் பிசின் போட்டு அழுத்தினது, மேல லேமினேட், ஓரத்துல ஒரு டேப். அந்த டேப் லேசா விட்டா தண்ணி உள்ள போகும், போனா ஊதும், ஊதினது திரும்ப அடங்காது. சிங்க் அடியில முதல் வருஷமே உப்ப ஆரம்பிச்சுது, அப்புறம் 2015 டிசம்பர் வெள்ளம் வந்துது. முடிச்சூர்காரங்களுக்கு நான் அத விளக்க வேணாம். வீட்டுக்குள்ள முட்டிக்கு மேல தண்ணி, நாங்க மாடியில, தண்ணி வடிஞ்சு எறங்கி வந்து பாத்தா கீழ் கேபினட் பூரா காப்பில முக்கின ரஸ்க்கு. கையால கிள்ளினா பிட்டு பிட்டா வருது, ஸ்க்ரூவுக்கு புடிப்பில்லாம கதவெல்லாம் ஒத்த கீலுல தொங்குது. பக்கத்துலயே ஸ்டோர் ரூம்ல மாமனார் வச்ச கடப்பா கல் ஷெல்ஃப், சேறு அப்பிக் கெடந்துது, ஹோஸ் புடிச்சு அடிச்சு ப்ளீச்சிங் பவுடர் போட்டு தேச்சு கழுவி காயவிட்டோம், மறுநாள் அரிசி ட்ரம் ஏறிடுச்சு.

2016ல பண்ணினதுதான் இப்ப இருக்கற கிச்சன். கீழ தடுப்பு, தட்டு எல்லாம் கடப்பா கல், முன்னாடி ஷட்டர் மட்டும் ப்ளைவுட். ப்ளைவுட்ல ஐஎஸ் 303, ஐஎஸ் 710னு ரெண்டு தர நம்பர் இருக்குன்னே அப்பதான் கத்துக்கிட்டேன், 303 பொதுவா அலமாரி கட்டிலுக்கு போடறது, 710ங்கறது மரைன், தண்ணிய தாங்கற பசை. ஷீட்டு மேலயே முத்திரை இருக்கும், லேமினேட் ஒட்டறதுக்கு முன்னாடி நேர்ல நின்னு பாருங்க, ஒட்டிட்டா எல்லா ப்ளைவுட்டும் அண்ணன் தம்பிதான். கல்லுல ஒரு குறை, ட்ராயர் சேனல நேரா மாட்ட முடியாது, உள்ள ப்ளை பாக்ஸ் வச்சுதான் மாட்டணும், அப்படி மூணு ட்ராயர் வச்சோம். அந்த மூணு ட்ராயருக்காக மாடுலர் கிச்சன கண்டுபிடிச்சவங்களுக்கு கோயில் கட்டலாம், குக்கர் எடுக்க தரையில குந்தி தலைய உள்ள விட்டு தேடற வேலை போச்சு, அத்தை முட்டிக்கு அது பெரிய உபகாரம். ஒன்பது வருஷமாச்சு, கீல் மட்டும் ரெண்டு மாத்தியிருக்கோம்.

ஃபால்ஸ் சீலிங் 2018. இவரோட ஆசை. ஹால்ல ஜிப்சம் போர்டு, சுத்தி பள்ளம் விட்டு அதுக்குள்ள எல்ஈடி ஸ்ட்ரிப், ரிமோட்ல கலர் மாறும், கிரகப்பிரவேசத்துக்கு வந்த மாதிரி எல்லாரும் வந்து அண்ணாந்து பாத்துட்டு போனாங்க. பத்தடி ஹால் ஒன்பதேகால் ஆச்சு, ஃபேன் கீழ எறங்கி இவர் கைய தூக்கி சோம்பல் முறிச்சா எனக்கு நெஞ்சு பக்குனு ஆகும். ஸ்ட்ரிப்போட டிரைவர், அதாவது அதுக்கு கரண்ட் குடுக்கற டப்பா, ரெண்டு தடவ போச்சு, அந்த பள்ளத்துல பல்லிங்க நாலு தலைமுறையா குடும்பம் நடத்துது. இதெல்லாம்கூட பரவால்ல. மாடி பாத்ரூம்லேந்து கசிவு, வெறும் கான்க்ரீட் சீலிங்கா இருந்தா முதல் மழைக்கே ஓதம் தெரிஞ்சிருக்கும், போர்டு மறைச்சுக்கிட்டதால எங்களுக்கு தெரியும்போது போர்டுல இலங்கை மேப் சைஸுக்கு பழுப்பு கறை, நடுவுல தொட்டா மெத்துனு இருக்கு. பிரிச்சு பாத்தா உள்ள கம்பியே துரு புடிச்சு சிமென்ட் பேந்திருக்கு. அந்த ரிப்பேருக்கு ஆன காசு ஃபால்ஸ் சீலிங் போட்ட காசவிட அதிகம். பாத்ரூமுக்கு நேர் கீழ இருக்கற ரூம்ல ஃபால்ஸ் சீலிங் போடறீங்கன்னா ஆள் தலை போற அளவு ஒரு கதவாவது வச்சுக்கோங்க.

கிரே கலர் கூத்த சுருக்கமா சொல்லிடறேன். 2021க்கு பேன்டோன் கம்பெனி ஒரு சாம்பலையும் ஒரு மஞ்சளையும் அந்த வருஷத்து கலர்னு அறிவிச்சுது, இன்ஸ்டால எல்லா ஹாலும் சாம்பலாச்சு, நானும் அடிச்சேன். பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் நடுவுல மூணடி சந்து, வர்றதே கொஞ்சூண்டு வெளிச்சம், அதையும் சுவரு குடிச்சிடுச்சு, பட்டப்பகல்ல லைட்டு. அத்தை அடுத்த கோட்டிங் எப்போன்னு பெயின்டர கேட்டாங்க, ப்ரைமரோட நின்னுடுச்சுன்னு நெனச்சிட்டாங்க. 2023ல திரும்ப சந்தன கலர்.

உருளி சமாச்சாரமும் உண்டு. வாசல்ல பித்தளை உருளியில தண்ணி ஊத்தி பூ மிதக்க விடறது, அழகுதான், நான் இல்லன்னு சொல்லல. அத்தை கல்யாணத்துக்கு அவங்க அம்மா குடுத்த உருளி, குத்துப்போணி எல்லாத்தையும் எடைக்கு போட்டு எவர்சில்வர் வாங்கினவங்க, நான் 6,500 குடுத்து அதே உருளிய வாங்கிட்டு வந்தப்ப ஒண்ணும் பேசாம உள்ள போயிட்டாங்க. ரெண்டு மாசத்துல கொசு ஒழிப்பு வேலைக்கு வர்ற அம்மா வந்து டார்ச் அடிச்சு பூவ விலக்கி காட்டினாங்க, உள்ள கொசுப்புழு துள்ளுது. டெங்கு கொசுவுக்கு நல்ல தண்ணிதான் புடிக்கும், முட்டையிலேந்து கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும், நான் பூவ மட்டும் மாத்திட்டு தண்ணிய அப்படியே விட்டிருக்கேன். இப்ப உருளி காலியா இருக்கு, புளி போட்டு தேக்கற நாள்ல மட்டும் மின்னும்.

ட்ரெண்டுன்னு ஒதுக்கினதால நாங்க நஷ்டப்பட்டதும் இருக்கு, அதையும் சொல்லணும். யூபிவிசி ஜன்னல் பிளாஸ்டிக், நம்ம தேக்கு ஜன்னல் மாதிரி வருமான்னு 2019 வரைக்கும் வீராப்பா இருந்தோம். எங்க ஏரியா கொசு உங்களுக்கு தெரியாது, சாயங்காலம் அஞ்சரைக்கு ஜன்னல சாத்தினா காலையில ஏழுக்குதான் தொறப்போம், பல வருஷம் காத்தே இல்லாம கெடந்திருக்கோம். நெட்டோட ஸ்லைடிங் ஜன்னல் போட்ட அன்னிக்கு ராத்திரி தென்னங்கீத்து சத்தம் கேட்டு தூங்கினேன். தேக்கு சட்டத்த வெளிய அப்படியே விட்டுட்டு உள்பக்கம்தான் மாட்டினோம், மாமனார் மரம், எடுக்க மனசில்ல. அதே மாதிரி வெஸ்டர்ன் டாய்லெட், பத்து வருஷம் முன்னாடியே வச்சிருக்கணும்.

இப்ப டிவி சுவத்துக்கு லூவர் பேனல் போடலாம்னு இவர் கொட்டேஷன் வாங்கி வச்சிருக்காரு, கோடு கோடா பள்ளம் விட்டு வருமே அதான், 38,000. நான் வேணாம்னு சொல்லல, கடையில ஒரு முழம் சாம்பிள் துண்டு கேட்டு வாங்கி டிவி பக்கத்துல செவுத்தோட சாத்தி வச்சு ரெண்டு வாரம் யாரும் தொடக்கூடாதுன்னு சொன்னேன். பதினாலாவது நாள் அத்தை கண்ணாடிய மாட்டிக்கிட்டு வந்து பள்ளத்துல வெரல விட்டு ஒரு இழுப்பு இழுத்து வெரல இவர்கிட்ட காட்டினாங்க. கொட்டேஷன் இன்னும் ஃப்ரிட்ஜ் மேலதான் இருக்கு, சாம்பிள் துண்டுல அத்தை மொபைல சாத்தி வச்சு சீரியல் பாக்கறாங்க.