காரை எந்த ஸ்டேஷனில் விடுவது?

போன மாதம் 12 நாள் ரயில் பயணம் ஒன்று போய் வந்தேன். டிக்கெட் எடுத்ததைவிட, காரை எங்கே விடுவது என்று யோசித்ததில்தான் அதிக நேரம் போனது. வழிகள் இரண்டு. நீண்டதூர வண்டி கிளம்பும் பெரிய ஸ்டேஷனுக்கே ஓட்டிப்போய் அங்கே நிறுத்துவது ஒன்று. வீட்டுக்குப் பத்து நிமிடத்தில் இருக்கும் சின்ன ஸ்டேஷனில் விட்டுவிட்டு, உள்ளூர் வண்டியில் போய் மாறுவது இன்னொன்று. முன்பெல்லாம் முதல் வழியில்தான் போவேன். இந்த முறை இரண்டாவது. இனியும் அதுதான்.

பெரிய ஸ்டேஷனின் வசதிகள் தெரிந்தவைதான். பெட்டிகளை ஒரே முறை இறக்கினால் போதும், பார்க்கிங்கில் வெளிச்சமும் ஆட்களும் இருப்பார்கள், பல நாள் விட்டுப் போவதும் அங்கே சகஜம். வாடகை கூடுதலாக இருக்கும். நெரிசலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

என் மனதை மாற்றியது திரும்பி வரும் பயணம். திட்டம் போடும்போது போவதை மட்டுமே கணக்கில் எடுத்துக்கொள்கிறோம். ஒருமுறை இரவு முழுக்க உட்கார்ந்தபடியே வந்து, விடிந்ததும் பெரிய ஸ்டேஷனிலிருந்து காரை எடுத்தேன். ஒன்றரை மணி நேர ஓட்டம். நடுவில் ஒரு சிக்னலில் நின்றது நினைவிருக்கிறது. பச்சை விழுந்தது நினைவில்லை. பின்னால் ஹாரன் அடித்த பிறகுதான் கண்ணே திறந்தது. 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கவனம், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் கவனத்தைப் போல மந்தமாகிவிடும் என்று ஆய்வுகள் சொல்கின்றன. அன்று நான் அதையும் தாண்டியிருந்தேன். இந்த முறை அந்த ஒன்றரை மணி நேரத்தை உள்ளூர் வண்டியில் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கியே கழித்தேன். எனக்கு மிஞ்சியது பத்து நிமிட ஓட்டம்தான்.

இணைப்பு வண்டி தவறிவிட்டால்? திரும்பும்போது தவறினால் ஒரு மணி நேரம் வீண், அவ்வளவுதான். போகும்போது தவறினால் பயணமே போச்சு. அதனால் போகும்போது எனக்கு ஒரே விதி: நான் ஏறும் உள்ளூர் வண்டி ரத்தானாலும், அடுத்ததில் போய்ப் பெரிய வண்டியைப் பிடிக்க முடிய வேண்டும். பெரிய ஸ்டேஷனில் ஒரு மணி நேரம் சும்மா உட்கார வேண்டியிருக்கும், பரவாயில்லை. இரண்டு வண்டிக்கும் ஒரே டிக்கெட் கிடைக்குமானால் அதையே எடுங்கள். தனித்தனியாக எடுத்தால், முதல் வண்டி தாமதமானதால் இரண்டாவது போனாலும் நஷ்டம் பெரும்பாலும் நம் தலையில்தான். இன்னொன்று, லண்டன், பாரிஸ் போன்ற பெருநகரங்களில் ஒவ்வொரு திசைக்கும் ஒரு முனையம். இறங்கும் ஸ்டேஷனும் ஏறும் ஸ்டேஷனும் ஒன்றுதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சின்ன ஸ்டேஷனின் குறை, கார் கிளம்பாவிட்டால் தள்ளிவிடக்கூட ஆள் இருக்காது. நிற்கும் காரும் கடிகாரம், அலாரம் என்று கொஞ்சம் மின்சாரம் தின்னும். 50 மில்லிஆம்பியர் என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-மணி, 12 நாளில் 14-க்கு மேல். 60 ஆம்பியர்-மணி பேட்டரி புதிதாக இருந்தால் தாங்கிவிடும். என்னுடையது நான்கு வயது என்பதால் கிளம்புவதற்கு முந்தைய நாளே சோதித்துப் பார்த்துவிட்டேன். மின்சாரக் காரை நான் இப்படி விட்டுப் போனதில்லை, அதற்கு இந்தக் கணக்கை நம்பாதீர்கள். சமதளமாக இருந்தால் ஹேண்ட்பிரேக் போடாமல் கியரில் விடுவேன். ஈரத்தில் பல நாள் நின்றால் பிரேக் ஒட்டிக்கொள்ளும். அப்புறம், சின்ன ஸ்டேஷன் பார்க்கிங் பல இடங்களில் தினமும் வேலைக்குப் போகிறவர்களுக்கானது. இரவில் விடலாமா, எத்தனை நாள் விடலாம் என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

ஒரே ஒரு நிலையில் பழைய வழிக்குத் திரும்புவேன்: திரும்பும் வண்டி, கடைசி உள்ளூர் வண்டி போன பிறகுதான் வந்து சேரும் என்றால். அப்போதும் காத்திருப்பு அறையில் விடியும்வரை தூங்கிவிட்டுத்தான் சாவியைக் கையில் எடுப்பேன்.